மனதோடு மனம் கதைத்தால் மொழி வேண்டாமா? பழைய விண்வெளிக் கதைகளின் வேற்றுலகத்தாரைப் பற்றி ஒரு கேள்வி

குளக்கட்டு வாத்தியார் கேட்டது

வணக்கம். இரணைமடுவுக்குக் கிட்டிய ஒரு பாடசாலையில் ஆங்கிலம் படிப்பிக்கிறேன். சனிக்கிழமை பின்னேரங்களில் உயர்தர வகுப்புப் பிள்ளைகள் ஏழெட்டுப் பேரைச் சேர்த்துக்கொண்டு பழைய ஆங்கில விஞ்ஞானக் கதைகளை வாசித்து வருகிறோம். ஒரு பக்கத்தை ஆங்கிலத்தில் வாசித்துவிட்டு அதையே தமிழில் கதையாகச் சொல்வேன். பிள்ளைகள் இடையிடையே மறித்துக் கேள்வி கேட்பார்கள். இந்த மாதம் ஈ. ஈ. ஸ்மித்தின் 'கலக்டிக் பட்ரோல்' நடக்கிறது. 1937இலும் 1938இலும் அமெரிக்க சஞ்சிகை ஒன்றில் தொடராக வந்த கதை அது.

வாசித்திராதவர்களுக்காகச் சொல்கிறேன். அதில் லென்ஸ் என்று ஒன்று வருகிறது. அரிசியா என்ற உலகத்தின் பழம்பெரும் அறிவாளிகள் அதை ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக, அவரவர் உயிரோட்டத்துக்குப் பொருந்தும்படி செய்து கொடுப்பார்கள். உரியவர் கையில் கட்டினால் பல நிறங்களில் சுடர்விடும். வேறொருவர் கட்டினால் அவருடைய உயிரைக் குடித்துவிடும். லென்ஸ் கட்டியவர் எந்த உலகத்து உயிரோடும் மனதாலேயே கதைக்கலாம். எந்த மொழியும் அவருக்கு விளங்கும்.

கதாநாயகன் கினிசன் இப்படி வோர்சல் என்ற வேற்றுலகத்தவரோடு கதைக்கும் இடத்தில்தான் ஒரு பிள்ளை மறித்தாள். "சேர், கினிசன் இங்கிலீசில நினைச்சா அந்தச் செட்டை முளைச்ச பாம்பு மாதிரி இருக்கிற வோர்சலுக்கு எந்தப் பாஷையில கேட்கும்? அவையின்ர ஊரில கதவு எண்டு ஒரு சாமானே இல்லாட்டி, கினிசன் கதவை நினைக்கேக்க வோர்சலுக்கு என்ன தெரியும்?"

நல்ல வேளையாக அந்த நேரம் மழை பிடித்துக்கொண்டது. எல்லோரும் சைக்கிளை எடுத்துக்கொண்டு ஓடினோம். ஆனால் கேள்வி என்னை விடவில்லை. சொல்லுக்குப் பின்னால் இருக்கும் எண்ணம் நேரே போய்ச் சேருகிறது என்று கதாசிரியர்கள் சொல்லிவிடுகிறார்கள். அந்த எண்ணமே ஒரு சமூகத்தின் வாழ்க்கையில் ஊறி உருவானதென்றால், அந்த வாழ்க்கையை வாழாத மனதுக்குள் அது எப்படிப் போய் இறங்கும்? மொழிபெயர்ப்பாளருக்குச் சம்பளம் கொடுக்காமல் கதாசிரியர் தப்பிக்கொள்ளும் குறுக்கு வழிதான் ரெலிபதி என்பது என்னுடைய இப்போதைய எண்ணம். அந்தக் காலத்துக் கதைகளில் யாராவது இந்தச் சிக்கலை நேரே நின்று பார்த்திருக்கிறார்களா? அடுத்த சனிக்கிழமைக்கு முன் ஏதாவது சொல்லுங்கள்.

கனகராயன் பதில்

வாத்தியார், குறுக்கு வழி என்பதில் பாதி உண்மை உண்டு. 'ஸ்பேஸ் ஒபெரா' என்ற பெயரே 1941இல் வில்சன் டக்கர் என்பவர் இளக்காரமாக வைத்த பெயர்தான். வானொலியில் சவர்க்கார விளம்பரத்தோடு வந்த அழுமூஞ்சித் தொடர்களை 'சோப் ஒபெரா' என்றார்கள். அதே சாயலில், அரைத்த மாவையே அரைக்கும் ரொக்கெட் கதைகளுக்கு அவர் இந்தப் பெயரைச் சூட்டினார். வாராவாரம் ஒரு புதிய உலகத்தில் இறங்க வேண்டிய வீரனுக்கு ஒவ்வொரு இடத்திலும் மூன்று மாதம் இலக்கணம் படிக்க நேரம் ஏது?

ஆனால் அது வெறும் சோம்பலால் மட்டும் வந்ததல்ல. மனவழித் தொடர்பு அந்த நாட்களில் பலரால் விஞ்ஞானமாகவே மதிக்கப்பட்டது. 'ரெலிபதி' என்ற சொல்லை ஃபிரெடரிக் மையர்ஸ் 1882இல் உருவாக்கினார். டியூக் பல்கலைக்கழகத்தில் இருந்த ஜே. பி. ரைன், ஐந்து வகைக் குறிகள் கொண்ட 25 அட்டைகளை வைத்து ஆட்களைச் சோதித்து, 1934இல் புலன்கடந்த உணர்வைப் பற்றி ஒரு புத்தகமே வெளியிட்டார். குருட்டுவாக்கில் சொன்னாலும் ஐந்து அட்டை சரிவரும். அதற்கு மேல் சரிவந்தால் ஏதோ இருக்கிறது என்பது அவர் வாதம். மற்றவர்கள் செய்து பார்த்தபோது அந்த முடிவுகள் நிலைக்கவில்லை. ஆனாலும் 'அஸ்டவுண்டிங்' சஞ்சிகையின் ஆசிரியர் ஜோன் காம்பெல் போன்றவர்களை அந்த ஆசை கடைசிவரை விடவில்லை.

இனி உங்கள் மாணவியின் கதவுக்கு வருவோம். ஸ்மித்தை நீங்கள் பாதியில் நிறுத்தாமல், 1950இல் புத்தகமாக வந்த 'ஃபர்ஸ்ட் லென்ஸ்மேன்' வரை போக வேண்டும். அதில் வேர்ஜில் சாம்ஸ் என்ற முதல் லென்ஸ்காரர், படைக்கு ஆள் சேர்க்க உலகம் உலகமாகப் போகிறார். ரைஜல் நான்கு என்ற உலகத்தில் இறங்குகிறார். அங்கே உள்ளவர்களுக்குப் பீப்பாய் போன்ற உடம்பு. கண்ணும் இல்லை, காதும் இல்லை. சுவருக்கு அப்பால் இருப்பதையும் பெட்டிக்குள் இருப்பதையும் நேரே உணரும் வேறொரு புலன் அவர்களுக்கு உண்டு. பண்பானவர்கள், லென்ஸ் வழியாக நன்றாகக் கதைக்கிறார்கள். ஒருவர் தன் வாகனத்தில் நகரத்துக்குக் கூட்டிப்போகச் சம்மதிக்கிறார். சாம்ஸ் ஏறி உட்கார்ந்த பிறகுதான் விளங்குகிறது, அந்த வாகனத்துக்கு யன்னலே கிடையாது. கண் இல்லாதவர்களுக்கு யன்னல் எதற்கு? நகரத்துக்குள் போனால் காது கிழியும் இரைச்சல். கேட்கும் புலனே இல்லாதவர்கள் இயந்திரங்களின் சத்தத்தைக் குறைக்க ஏன் மெனக்கெட வேண்டும்? மனிதர் இருட்டுக்குள் குருடாக, செவிடாகும் இரைச்சலில், எதில் எப்போது மோதப்போகிறோம் என்று தெரியாமல் தவித்துப்போகிறார். கடைசியில் வண்டியோட்டியின் புலனையே தன்னுடையதாக்கிப் பார்க்கப் பழகிய பின்தான் மூச்சு வருகிறது.

இரண்டு மனங்களுக்கும் இடையே தடையே இல்லை. ஆனால் ரைஜல்காரருக்கு 'எங்கள் வண்டியில் யன்னல் இல்லை' என்று சொல்லத் தோன்றவில்லை. சாம்ஸுக்கு 'யன்னல் இருக்கிறதா' என்று கேட்கத் தோன்றவில்லை. ஒரு சமூகத்தின் அடி ஆழத்தில் கிடப்பவை அந்தச் சமூகத்தவர் ஒருநாளும் நினைத்தே பார்க்காதவை. நினைக்காததை எந்த லென்ஸ் கடத்தும்?

அதே நாவலில் இன்னும் கெட்டியான ஓர் இடம் உண்டு. சாம்ஸ் புளூட்டோவில் இருக்கும் பலேன் இனத்தாரைக் காணப் போகிறார். எலும்பும் உறையும் கடுங்குளிரில் வாழ்பவர்கள். அவர்களுடைய உடம்பின் ஒரு பகுதி நான்காவது பரிமாணத்துக்குள் நீண்டு கிடப்பதால் அவர்களை முழுதாகப் பார்க்கவும் இயலாது. அங்கே ஒருவர் தன்னை 'டெக்ஸிட்ரோபோப்பர்' என்று அறிமுகப்படுத்திக்கொள்கிறார். அது ஒரு தொழில் என்பது மட்டும் விளங்குகிறது. என்ன தொழில்? விளக்கம் கேட்டும் சாம்ஸின் மனதில் ஒன்றும் உருவாகவில்லை. எல்லா மொழியையும் விளங்கவைக்கும் லென்ஸ் அந்தச் சொல்லை வெறும் ஓசையாகவே விட்டுவிடுகிறது. இத்தனைக்கும் ஸ்மித் மொழியியல் படித்தவரல்ல. உணவு இரசாயனவியலாளர், டோனட் மாவுக் கலவை செய்து பிழைத்தவர். நம்முடைய கேள்விக்கு அவர் ஓர் அர்த்தமில்லாத சொல்லால் பதில் சொல்லிவிட்டுப் போயிருக்கிறார்.

பரண்காரன் பதில்

கனகராயன் அண்ணை சொன்ன கண்ணும் காதும் இல்லாதவர்களின் கதையை வாசித்ததும் எனக்கு எங்கள் வயல்தான் நினைவுக்கு வந்தது. நெடுங்கேணிப் பக்கம் எங்களுக்கு ஐந்து ஏக்கர். காலபோக நெல் பால் பிடிக்கத் தொடங்கியது முதல் அறுவடை வரை இரவில் பரணில்தான் படுக்கை. காட்டுக்கரையில் யானைக் கூட்டம் வந்து நிற்கும். நிலவு உள்ள இரவுகளில் பார்த்திருக்கிறேன்: மேய்ந்துகொண்டிருக்கும் ஏழெட்டு உருப்படியும் ஒரே கணத்தில் அசையாமல் நிற்கும், காதை விரிக்கும், ஒரு சத்தம் இருக்காது. பிறகு எல்லாம் ஒன்றாகத் திரும்பி, யாரோ கட்டளை போட்டதுபோல ஒரு பக்கமாக நடக்கும். அவை மனதாலே கதைக்கின்றன என்று ஐயா சொல்லுவார். நானும் நெடுநாள் அப்படியே நம்பியிருந்தேன்.

பிறகுதான் வாசித்து அறிந்தேன். 1984இல் கதரின் பெய்ன் என்ற ஆராய்ச்சியாளர் அமெரிக்காவின் போர்ட்லண்ட் மிருகக்காட்சிச்சாலையில் ஆசிய யானைகளுக்குப் பக்கத்தில் நின்றபோது காற்று அதிர்வதுபோல் உணர்ந்திருக்கிறார். காதில் ஒன்றும் விழவில்லை. ஒலிப்பதிவு செய்து பார்த்தால் யானைகள் 14 முதல் 24 ஹேர்ட்ஸ் வரையான தாழ்ந்த ஒலியில் அழைத்துக்கொள்கின்றன. மனிதக் காது ஏறக்குறைய 20 ஹேர்ட்ஸுக்குக் கீழே கேளாது. 1986இல் அந்த ஆய்வு வெளியானது. ஐயா பரணில் இருந்து பார்த்தது மௌனம் அல்ல. பெரிய கூச்சலாகவும் இருந்திருக்கலாம், எங்களுக்குத்தான் கேட்கவில்லை.

ஆகவே எனக்குத் தோன்றுவது இது. கதையில் வரும் வேற்றுலகத்தார் 'மனதால் கதைக்கிறார்கள்' என்று மனிதப் பாத்திரம் சொல்லும்போது, தனக்கு இல்லாத ஏதோ ஒரு வாசலுக்கு அவர் அந்தப் பெயரை வைத்திருக்கிறார் என்று வாசித்துப் பார்க்கலாம். வாசல் தெரிந்துவிட்டால் மட்டும் யானை என்ன சொல்கிறது என்று விளங்கிவிடப் போவதும் இல்லை. எனக்கு இன்றைக்கும் சீனவெடிதான் துணை.

சிலாவத்தைத் தாதி பதில்

நான் முல்லைத்தீவில் தாதிய உத்தியோகத்தராக வேலை செய்கிறேன். இங்கே எழுதியவர்கள் எல்லோரும் எண்ணத்தைப் பற்றியே கதைக்கிறீர்கள். நோவைப் பற்றி ஒருவரும் கதைக்கவில்லை என்பதால் எழுதுகிறேன்.

சில வருடங்களுக்கு முன் என் அம்மாவைத் தெற்கில் உள்ள ஒரு பெரிய வைத்தியசாலைக்குக் கொண்டுபோயிருந்தார்கள். நான் கூடப் போக முடியாத நேரம். அம்மா சொன்னது: இடுப்பு உளைகிறது, குனிந்தால் குத்துகிறது, முழங்காலுக்குக் கீழே எரிகிறது, பாதம் விறைத்துப்போய்க் கிடக்கிறது. உளைவு, குத்து, எரிவு, விறைப்பு என்று நான்கும் நான்கு. இடையில் நின்று மொழிபெயர்த்தவர் நல்ல மனதோடுதான் உதவிக்கு வந்திருக்கிறார். ஆனால் அவர் நான்கையும் சேர்த்து 'நோகிறதாம்' என்ற ஒரே சொல்லாக்கிவிட்டார். அம்மா நோக்குளிசையோடு வீட்டுக்கு வந்தார். நரம்பு அழுத்தப்படுகிறது என்பது பிறகு தமிழ் தெரிந்த ஒரு வைத்தியர், விறைப்பு எந்த விரல் வரை போகிறது என்று கேட்ட பிறகுதான் தெரிந்தது.

இந்த அனுபவத்துக்குப் பிறகு ஜேம்ஸ் வைட்டின் 'செக்டர் ஜெனரல்' கதைகளை வாசித்தபோது எனக்குக் கதையாகவே தோன்றவில்லை. வைட் பெல்பாஸ்ட் நகரத்துக்காரர். எல்லோரும் போர்க்கப்பல்களை விண்வெளிக்கு அனுப்பிக்கொண்டிருந்தபோது, அவர் 1957இல் தொடங்கி 384 மாடிகள் கொண்ட ஒரு வைத்தியசாலையைக் கொண்டுபோய் அங்கே நிறுத்தினார். எல்லா உலகத்து நோயாளிகளும் வருவார்கள். எல்லா உலகத்து வைத்தியர்களும் இருப்பார்கள். ஒவ்வொரு உடம்பு வகைக்கும் நான்கு எழுத்துக் குறியீடு உண்டு. மனிதர்களாகிய நாங்கள் டீபீடீஜீ. அங்கே மொழிபெயர்க்க இயந்திரம் இருக்கிறது. அதற்கு மேலே இரண்டு ஏற்பாடுகளை வைட் வைக்கிறார், இரண்டுமே இந்தக் கேள்விக்குப் பொருந்தும்.

முதலாவது, பாடநாடா. வேற்றுலக நோயாளிக்கு வைத்தியம் செய்ய வேண்டுமென்றால், அந்த இனத்தைச் சேர்ந்த ஒரு பெரிய வைத்தியரின் மனப்பதிவை உங்கள் மனதில் ஏற்றுவார்கள். அறிவை மட்டும் தனியே பிரித்து ஏற்ற முடியாது. ஆள் முழுவதும் வந்துவிடுவார். அவருடைய பயங்கள், கோபங்கள், குடும்ப நினைவுகள், பசி எல்லாம் வரும். அதனால் சத்திரசிகிச்சை முடிந்து சாப்பாட்டு மண்டபத்துக்குப் போகும் மனித வைத்தியருக்குத் தன்னுடைய சாப்பாட்டைப் பார்க்கவே குமட்டும். வாத்தியார், உங்கள் மாணவியிடம் சொல்லுங்கள்: கதவு என்ற எண்ணத்தை மட்டும் தனியே கொடுக்க முடியாது, வீட்டையும் சேர்த்துத்தான் கொடுக்க வேண்டும் என்று வைட் சொல்கிறார்.

இரண்டாவது, பிரிலிக்லா. தும்பியைப் போல மெலிந்த உடம்பு, மிகக் குறைந்த ஈர்ப்புள்ள உலகத்தில் பிறந்த வைத்தியர். மற்றவர்களின் உணர்ச்சிகள் அதன் மேல் அலைபோல வந்து மோதும். நோயாளி மயங்கிக் கிடந்தாலும் அவருக்குள் பயம் இருக்கிறதா, நோவு இருக்கிறதா என்று சொல்லிவிடும். பக்கத்தில் நிற்பவர் கோபித்தால் இதற்கு உடம்பு நடுங்கும். அதனால் எல்லோருக்கும் பிடித்ததையே சொல்லப் பழகிவிட்டது, தேவைப்பட்டால் பொய்யும் சொல்லும். உணர்ச்சிகளை முழுதாக அறிந்த ஒருவர் உண்மை பேசுபவராக இருப்பார் என்று நாங்கள் நினைப்போம். வைட் அதற்கு எதிராக எழுதினார். எங்கள் வாட்டில் நீண்ட காலம் வேலை செய்தவர்களிடம் இதே குணத்தைப் பார்த்திருக்கிறேன், என்னிடமும்.

ஒன்று மட்டும் யோசித்துப் பார்த்தேன். அம்மாவின் கட்டிலடியில் பிரிலிக்லா நின்றிருந்தால் உளைவையும் குத்தையும் எரிவையும் உணர்ந்திருக்கும். விறைப்பை உணர்ந்திருக்காது. விறைப்பு என்பது ஒன்றும் தோன்றாத நிலை. அதிலிருந்து எந்த அலையும் புறப்படாது. அதை அம்மா வாயைத் திறந்து சொன்னால்தான் உண்டு.

அறிவியல்நகர்ப் பொடியன் பதில்

நான் அறிவியல்நகரில் பொறியியல் படிக்கிறேன். பெரியவர்கள் எல்லோரும் ரெலிபதியைத் தொடர்புச் சாதனமாகவே பார்க்கிறீர்கள். ஸ்மித்தின் கதையில் அது பெரும்பாலும் அதிகாரம் என்பது என் கட்சி. அரிசியர்கள் லென்ஸ்காரரின் மனதை ஆழம் வரை வாசிப்பார்கள்; லென்ஸ்காரர் அரிசியரின் மனதை வாசிக்க முடியாது. தலைமுறை தலைமுறையாக மனிதக் குடும்பங்களை யார் யாரோடு சேர வேண்டுமென்று மறைவில் இருந்து வளர்த்து எடுத்தவர்களும் அவர்களே. உண்மையான எதிரி எடோரியர்கள் என்பதைக்கூட, அந்தப் போரில் சாகிறவர்களுக்குச் சொல்வதில்லை. கெட்டவர்களான டெல்கன் தலைவர்கள் மனதைப் பிடித்திழுத்து ஆட்களைத் தங்கள் குகைக்கு நடத்திச் சென்று வதைத்து உயிரை உறிஞ்சினால் அது கொடுமை. நல்லவர்கள் கேட்காமல் மனதுக்குள் வந்து போனால் அது ஞானம். ஒரு பக்கம் மட்டும் திறக்கும் கதவுக்குப் பெயர் உரையாடலா? சோதனைச்சாவடிகளில் பையைத் திறந்து காட்டிய கதைகளைக் கேட்டே வளர்ந்தவர்கள் நாங்கள். திறந்து பார்க்கிறவர் தன் பையை ஒருநாளும் காட்டியதில்லை.

நல்லெண்ணத்தோடு வந்தாலும் ஆபத்துத்தான். ஏ. ஈ. வான் வோட்டின் 'ஸ்பேஸ் பீகிள்' கதைகளில் ரீம் என்ற பறவை போன்ற இனம் வருகிறது. 1950இல் வந்த கதை. தூரத்தில் போகும் மனிதக் கப்பலைப் பார்த்து மனதால் வணக்கம் சொல்ல முனைகிறார்கள், அவ்வளவுதான். அந்த வணக்கம் மனித மூளைக்குள் விழும்போது உருத்தோற்றங்களாகவும் மயக்கமாகவும் மாறி, கப்பலில் உள்ளவர்கள் ஒருவரையொருவர் தாக்கத் தொடங்கிவிடுகிறார்கள். குரோஸ்வெனர் என்ற ஒருவர் மட்டும் தாக்குப்பிடித்து, திருப்பி அவர்களோடு தொடர்புகொண்டு, 'நிறுத்துங்கள், எங்களுக்குச் சேதமாகிறது' என்று விளங்கவைக்கிறார். சொல்லாக இருந்திருந்தால் விளங்காத சொல் என்று விட்டிருப்பார்கள். ஒருவருக்கும் காயம் பட்டிருக்காது.

மொழிக்கு மறைக்கும் வேலையும் உண்டு என்பதை நாங்கள் மறந்துவிடுகிறோம். சூடு மிதித்த காலத்தைப் பற்றி அப்பப்பா சொல்லுவார். களத்தில் பூதங்கள் காதுகொடுத்துக் கேட்குமாம், அதனால் அங்கே அன்றாடப் பெயர்களை எடுக்காமல் களத்துக்கென்றே உள்ள சொற்களால்தான் கதைப்பார்களாம்; நெற்குவியலைப் பொலி என்பார்களாம். பூதத்துக்குக் காது உண்டு, மனம் வாசிக்கத் தெரியாது என்ற நம்பிக்கையில் நின்ற ஏற்பாடு அது. களத்தில் லென்ஸ் கட்டிய பூதம் வந்து குந்தியிருந்தால் அப்பப்பா என்ன செய்திருப்பார்?

கனகராயன் பதில்

தம்பி, கட்சி நல்லது. ஆனால் எல்லோரையும் ஸ்மித்தோடு சேர்த்துக் கட்டக் கூடாது. ஓலாஃப் ஸ்டேப்பிள்டனின் 1937ஆம் ஆண்டு நாவலான 'ஸ்டார் மேக்கர்' கதையில், உடம்பை விட்டுப் புறப்பட்ட ஒரு மனிதன் வேற்றுலகத்துத் தத்துவவாதி ஒருவரின் மனதுக்குள் குடியிருக்கிறான். அந்த உலகத்தில் பார்வையைப் போலவே சுவைக்கும் பெரிய இடம். மனிதர்கள் இனம் பிரிந்து ஒருவரையொருவர் வெறுப்பது நிறத்தால் அல்ல, உடம்பின் சுவையால். அவன் அங்கே இருந்து மெல்ல மெல்லப் பழகித்தான் அறிகிறான். ஒரு நொடியில் எதுவும் விளங்குவதில்லை. இன்னொரு கட்டுப்பாடும் உண்டு. தன்னுடைய உலகத்தைப் போன்ற நெருக்கடியில் தவிக்கும் உலகங்களுக்குள் மட்டுமே அவனால் முதலில் நுழைய முடிகிறது. ஒத்த துயரம்தான் அங்கே திறப்பு.

குளக்கட்டு வாத்தியார்

ஒரு கேள்வி கேட்டு இவ்வளவு கிடைக்கும் என்று நினைக்கவில்லை. பரண்காரனின் யானையைப் பிள்ளைகளுக்குச் சொல்லப்போகிறேன். தாதி அக்காவின் நான்கு சொற்களைக் கேட்டுக்கொண்டு சொல்கிறேன், அனுமதி உண்டுதானே? பொடியனின் வாதத்துக்கு மட்டும் எதிர்க்கேள்வி: இரண்டு பக்கமும் சமமாக நின்று, ஒருவர் சம்மதத்தோடு ஒருவர் மனதால் கதைக்கும் கதை எதுவும் இல்லையா?

வற்றாப்பளையாள் பதில்

இருக்கிறது. உர்சுலா லெ குவின் 1969இல் எழுதிய 'தி லெஃப்ட் ஹான்ட் ஒஃப் டார்க்னஸ்'. ஸ்பேஸ் ஒபெரா என்று கறாராகச் சொல்ல முடியாவிட்டாலும் அந்தக் கொடியில் பூத்ததுதான். கென்லி ஐ என்ற தூதுவர் குளிர் உலகம் ஒன்றுக்குத் தனியாக வருகிறார். அங்குள்ளவர்கள் நிரந்தரமாக ஆணும் அல்ல, பெண்ணும் அல்ல. அரசியலில் விழுந்துபோன எஸ்ட்ராவென் என்பவர் இவரைச் சிறையிலிருந்து மீட்கிறார்; இருவரும் பனிப்பாளத்தின் மேல் வண்டிலை இழுத்துக்கொண்டு வாரக்கணக்கில் நடக்கிறார்கள். ஒரே கூடாரம், ஒரே அடுப்பு. இருவருமே அந்நியர், இருவருமே ஓட்டத்தில் இருப்பவர்கள், இருவருக்கும் மற்றவர் இல்லாவிட்டால் சாவு. அந்த நிலையில் கென்லி தன் நண்பருக்கு மனப்பேச்சைச் சொல்லிக்கொடுக்கிறார். எஸ்ட்ராவெனும் விரும்பித்தான் படிக்கிறார். இரவு இரவாக முயன்றும் வருவதில்லை.

ஒருநாள், எஸ்ட்ராவென் நித்திரைக்குள் போகும் நேரத்தில், கென்லி மனதால் அவருடைய சொந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிடுகிறார். எஸ்ட்ராவென் திடுக்கிட்டு எழும்புகிறார். அவர் கேட்டது கென்லியின் குரல் அல்ல, என்றோ இறந்துபோன தன் அண்ணன் ஆரெக்கின் குரல். அதன் பிறகும் ஒவ்வொரு முறையும் அந்தக் குரலிலேயே கேட்கிறது. கென்லி அந்தக் குரலை அனுப்பவில்லை. ஆரெக்கை அவருக்குத் தெரியவே தெரியாது. அனுப்பப்பட்ட சொல் எஸ்ட்ராவெனின் மனதுக்குள் எந்தக் குரல் காத்துக் கிடந்ததோ அதை எடுத்து உடுத்திக்கொள்கிறது. அவர்களுக்குள் இருந்த தோழமை அதனால் இலகுவாகிவிடவும் இல்லை. முன்பு தெரியாமல் இருந்த தூரம் இப்போது தெரிகிறது, அவ்வளவே.

மாணவியின் கேள்வி, எந்தப் பாஷையில் கேட்கும் என்பது. லெ குவின் அதை யாருடைய குரலில் கேட்கும் என்று மாற்றிவிட்டார். இந்த மாவட்டத்தில் அந்தப் பக்கத்தை வாசிப்பவர்களுக்கு விளக்கம் எழுதத் தேவையில்லை. எங்கள் வீட்டிலும் அப்படி ஒரு குரல் உண்டு. அதை இங்கே விரிக்க மாட்டேன். வாத்தியார், அந்த அத்தியாயத்தைப் பிள்ளைகளுக்கு வாசிப்பதானால் யார் வீட்டில் யார் இல்லை என்று முதலில் பார்த்துக்கொண்டு வாசியுங்கள்.

பொடியனுக்கும் ஒன்று. மனப்பேச்சில் பொய் சொல்ல முடியாது என்பது லெ குவினின் கதையுலகத்தின் பொதுவான நம்பிக்கை. 1967இல் எழுதிய 'சிட்டி ஒஃப் இல்யூஷன்ஸ்' நாவலில் ஷிங் என்ற இனம் மனதாலும் பொய் சொல்கிறது. அந்த நம்பிக்கையில் இருந்தவர்களை அதனால்தான் வெல்கிறது. பூதத்துக்கு லென்ஸ் கிடைத்தால் அப்பப்பா அந்த வித்தையைத்தான் படித்திருப்பார்.

குளக்கட்டு வாத்தியார்

சனிக்கிழமை முடிந்தது. வற்றாப்பளையாள் சொன்னதைக் கேட்டு லெ குவினைப் பிறகொரு நாளுக்கு ஒதுக்கி வைத்தேன். யன்னல் இல்லாத வாகனத்தை வாசித்தோம். அந்த இரைச்சலைக் காட்ட ஒருவன் மேசையில் அடித்த அடியில் பக்கத்து வகுப்பில் இருந்து ஆள் வந்துவிட்டது. யானைக்கு எல்லோரும் ஒரு கதை வைத்திருந்தார்கள். பிறகு ஒரு பயிற்சி கொடுத்தேன்: லென்ஸ் கட்டிய ரைஜல்காரர் உங்கள் வீட்டுக்கு வந்தால், உங்கள் வீட்டில் புழங்கும் எந்தச் சொல் அவருக்கு வெறும் ஓசையாகவே போகும்? ஒரு சொல்லை எழுதி ஐந்து வரி விளக்கம் எழுதுங்கள்.

ஒருவன் 'நாவூறு' என்று எழுதினான். கண்ணே இல்லாதவர்களுக்குக் கண்பட்டுப் போவதை எப்படிச் சொல்வதென்று அவன் பட்ட பாடு ஐந்து வரியைத் தாண்டி மறுபக்கத்துக்குப் போயிருந்தது. இன்னொருத்தி 'அந்தியேட்டி' என்று எழுதினாள். 'உளைவு' இரண்டு தாள்களில் வந்தது, அது நான் சொல்லிக்கொடுத்த குற்றம்.

கதவைப் பற்றிக் கேட்ட பிள்ளை வெறுந்தாளைத் தந்தாள். ஏன் என்று கேட்டேன். "நினைச்சு வைச்சிருக்கிறன் சேர், நீங்கள்தான் வாசிக்க வேணும்" என்றாள். அந்தத் தாளுக்கு எத்தனை புள்ளி போடுவதென்று இன்னும் தீர்மானிக்கவில்லை.